அறுபத்தைந்தாவது அட்டவணை

அறுபத்து நான்கு அட்டவணைகள் இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தைந்து இருந்தன.

சுமினா முதலில் தன் கண்களைத்தான் சந்தேகப்பட்டாள். காலை எட்டரையிலிருந்து கணினித் திரையையே முறைத்துக்கொண்டிருப்பவளுக்கு ஒன்று கூடுதலாகத் தெரிந்தால் அது பெரிய அதிசயமில்லை. போதாததற்கு ஹார்மட்டான் காற்று வேறு. வடக்கே பாலைவனத்தில் கிளம்பிய பொடி ஒரு வாரமாக வின்னெபா ஊரை மூடிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. பட்டப்பகலில் சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் விசைப்பலகையின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் சேர்ந்தது, நாக்கில் அதன் ருசி தெரிந்தது. காய்ந்து போன மர அலமாரி எப்போதாவது ஒரு முறை, யாரோ விரலைச் சொடுக்கியது போல, டக்கென்று சத்தம் போட்டது. குன்றின் மேலிருந்த அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அலுவலகத்தில் சனிக்கிழமையன்று அவளைத் தவிர யாரும் இல்லை.

அவள் வந்த வேலை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பழைய சர்வருக்கு வயதாகிவிட்டது. மூச்சு வாங்கும் சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. புதியது வந்து மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தது. பழையதில் இருக்கும் தரவுத்தளத்தின் அமைப்பை மட்டும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதி எடுக்க வேண்டும். நோயாளிகளின் பெயர், வயது, வியாதி எதுவும் அதில் வராது. எத்தனை அட்டவணைகள், ஒவ்வொன்றிலும் என்னென்ன கட்டங்கள், எந்தக் கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது, விட்டால் அதில் தானாக என்ன விழ வேண்டும், அடுத்து வரும் வரிசைக்கு என்ன எண் தர வேண்டும், இவ்வளவுதான். குடியிருப்பவர்களை விட்டுவிட்டு வீட்டின் அளவுகளை மட்டும் எழுதிக்கொண்டு போய் வேறொரு மனையில் அதே வீட்டைக் கட்டுவது மாதிரி. அந்த மனையில் ஏற்கெனவே ஏதாவது நின்றிருந்தால் ஸ்கிரிப்ட் அதை இடித்துவிட்டுத்தான் கட்டும். ஆட்களைத் திங்கட்கிழமை குடியேற்றிக் கொள்ளலாம்.

பத்து மணிக்கு ஸ்கிரிப்டை எடுத்தாள். பன்னிரண்டுக்குப் புதிய சர்வரில் ஓடவிட்டாள். ஒரு பிழை கூட இல்லாமல் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் சோளமாவுக் கென்கி உருண்டையும் வறுத்த மீனும் வாங்கி வந்து சாப்பிட்டுவிட்டு, சரிபார்ப்போம் என்று எண்ணும்போதுதான் இந்தக் கணக்கு.

மறுபடி எண்ணினாள். அறுபத்தைந்து.

இந்தத் தரவுத்தளத்தைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் கட்டியது இரண்டே பேர். அவளும் எக்கோவும். எக்கோ கார்ட்டே அவளுக்கு மேலதிகாரி. ஆனால் ஒரு நாளும் அவனை அவள் சார் என்று கூப்பிட்டதில்லை, அண்ணன்தான். ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள். போன வருடம் அவன் மனைவி அஜோவா திடீரென்று இறந்தபோது குடும்பத்தார் வரிசையில் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்தவள் சுமினாதான். மூன்று மாதம் முன்பு அவன் மாற்றல் வாங்கிக்கொண்டு தலைநகர் அக்ராவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டான். சர்வர் மாற்றும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் எடுத்துச் சரிபார்ப்பது அதுவரை அவன் வேலையாகத்தான் இருந்தது. வியாழக்கிழமைகூடப் போனில், "நான் வர முடியாது தங்கச்சி, சர்வர் மாத்தற வேலையை நீயே பண்ணிடு" என்றான்.

அறுபத்து நான்கு பெயர்களும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கூடுதலாக இருந்தது எது என்று கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிணவறைக்கான அட்டவணைக்கு அடுத்து ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் பெயர் 'வரவேண்டியவர்கள்'.

திறந்து பார்த்தாள். காலி. ஒரு வரிசைகூட இல்லை. ஆனால் அடுத்து வரும் வரிசைக்குத் தர வேண்டிய எண் என்ற இடத்தில் ஒன்று இல்லை, எட்டு இருந்தது.

எட்டு என்றால் ஏழு வரிசைகள் வந்துவிட்டுப் போயிருக்கின்றன. அழிந்த வரிசையின் எண்ணை இந்த மாதிரி அட்டவணைகள் இன்னொன்றுக்குத் தருவதில்லை. யார் போனாலும் எண்ணிக்கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய சர்வரில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே அட்டவணை, அதே காலி, அதே எட்டு. அலமாரி டக்கென்றது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பயத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள்.

கதவைத் தட்டாமல் முதலில் உள்ளே வந்தது மீன் வாசனை, அதற்கு அடியில் பிணவறை மருந்தின் நெடி. பின்னாலேயே ஓட்டூ வந்தார். கீழே முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிணவறையை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். அந்த அறையை இந்த ஊரில் எல்லோரும் 'ஃப்ரிட்ஜ்' என்றுதான் சொல்வார்கள்.

"ஏம்மா குப்பைமேடு, சனிக்கிழமைகூடவா உன்னைக் கட்டிப் போட்டிருக்காங்க?"

"நீங்க மட்டும் என்ன, கடற்கரையில காத்து வாங்கிட்டா இருக்கீங்க?"

"எனக்கென்ன. விடியக்காலையிலேயே மூணு குடும்பம் வந்து அவங்கவங்க ஆளை வாங்கிட்டுப் போயாச்சு. பாட்டு, அழுகை, போட்டோ எல்லாம் ஏழு மணிக்கே முடிஞ்சுது. ஃப்ரிட்ஜ் சுத்தமா காலி. எத்தனையோ வருஷத்துல இப்பத்தான் இப்படி. உள்ள போனா என் செருப்புச் சத்தமே எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்கா பயம்!"

"சரி, ஃப்ரிட்ஜ்ல நாலாம் தட்டு யாருக்கு? அதைக் கேக்கத்தான் படியேறி வந்தேன்."

"எந்த நாலாம் தட்டு?"

"எக்கோ காலையில போன் பண்ணான். நாலாம் தட்டைத் தொடச்சு வை, சாயந்திரம் ஆள் வரும், பேரு மேல மெஷின்ல தானா ஏறிடும்னான். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அவரு அக்ராவுல இருக்காரு. உங்க தட்டோட அவருக்கு என்ன வேலை?"

"அதான் நானும் கேட்டேன், தலைமை ஆபீஸ்ல இப்ப நாளைக்குச் சாகறவங்களுக்கும் சேத்து இடம் போட ஆரம்பிச்சுட்டீங்களாடான்னு. சிரிக்கவே இல்லம்மா. எதைச் சொன்னாலும் சிரிக்கிற பய." ஓட்டூ தோளைக் குலுக்கினார். "தெரிஞ்சா சொல்லு. இல்லேன்னா நான் போய்ப் படுக்கறேன்."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும் வரை சுமினா காத்திருந்தாள். பிறகு ஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து, நாலாயிரம் வரிகளைத் தள்ளிக்கொண்டே போய், அந்த அட்டவணையைக் கட்டச் சொல்லும் இடத்துக்கு வந்தாள். வரிசை எண் என்று ஒரு கட்டம். பெயர். பிறந்த கிழமை. தட்டு எண். மணி. பெயர்க் கட்டத்துக்கு மட்டும் இரண்டு விதிகள் இருந்தன. வெறுமையாக விடக் கூடாது என்பது ஒன்று. யாரும் பெயர் கொடுக்காவிட்டால் தானாக இந்தப் பெயர் விழ வேண்டும் என்பது இன்னொன்று.

அங்கே எழுதியிருந்த பெயரை அவள் மூன்று முறை வாசித்தாள். அது அவளுடைய பெயர்தான், ஆனால் சுமினா இல்லை.

சுமினா என்றால் குப்பைமேடு. எங்கள் பக்கத்தில் ஒரு தாய்க்குப் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்து வரிசையாகச் செத்தால், அடுத்த பிள்ளைக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள். குப்பை, அடிமை, வேண்டாதது. கன்னத்தில் ஒரு கீறலும் போட்டு அழகைக் கெடுப்பார்கள். தேடி வருகிற சாவு இதைக் கையால் தொட வேண்டுமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். சுமினாவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை. அவள் முப்பத்தாறு வயது வரை வந்துவிட்டாள். ஆனால் அவள் அப்பா, பெயர் சூட்டும் எட்டாம் நாளுக்கு முந்தின சாயங்காலம், யாருக்கும் தெரியாமல் தன் தாயின் பெயரைக் குழந்தையின் காதில் ஒரு முறை சொல்லிவிட்டார். அது கெட்டிக்காரத்தனமோ அசட்டுத்தனமோ, அவள் அம்மா அதற்காக அவரை மன்னிக்கவே இல்லை. அந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவில் இல்லை, பள்ளிச் சான்றிதழில் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை. ஏறினால் ஆபத்து என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். நானும் அதை இங்கே எழுதப் போவதில்லை.

அப்பா செத்துப் போனார். அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். மூன்றாவதாகத் தெரிந்தவன் எக்கோ. அஜோவாவைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் திரும்பி, "சுமி, உன் நிஜப் பேரு என்ன? இப்படிப் பேரு வெச்சவங்களுக்கு உள்ள இன்னொண்ணு இருக்கும்பாங்களே" என்று கேட்டான். துக்கத்தில் இருக்கிறவன் கேட்கிறான். வேறு எதுவும் கொடுத்துத் தேற்றத் தெரியாமல் அவள் அதைக் கொடுத்தாள். காதோடு காதாக.

போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் குரல் வந்தது.

"சொல்லு தங்கச்சி."

"அண்ணே, புது சர்வர்ல ஒரு டேபிள் கூடுதலா இருக்கு."

"ஸ்கிரிப்டை ஓடவிட்டுட்டியா?"

"மத்தியானமே விட்டாச்சு."

அவன் மூச்சை விட்டது காதில் நன்றாகக் கேட்டது. மூட்டையை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு.

"அதுல என் பேரு இருக்கு அண்ணே. அந்தப் பேரு."

"தெரியும். நான்தான் போட்டேன். கத்தாத, கேளு. அந்த டேபிளை நான் கட்டல சுமி. நீயும் கட்டல. முதல் தடவை ஸ்கிரிப்ட் எடுத்தப்பவே உள்ள இருந்துச்சு. அழிச்சேன். அடுத்த தடவை எடுத்தா மறுபடி இருக்கு. ஒவ்வொரு தடவை புது மெஷின்ல கட்டும்போதும் சாயந்திரத்துக்குள்ள ஒரு வரிசை தானா வந்து உக்காரும். ஒரு பேரு, ஒரு தட்டு, ஒரு மணி. அந்த மணிக்கு அந்த ஆளு போயிடும். வரிசையும் போயிடும்."

"என்ன உளர்றீங்க?"

"இடி விழுந்து சர்வர் எரிஞ்சு, மாத்திக் கட்டினோமே. அன்னிக்கு யாரு?"

அவள் பதில் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். வாய் சொல்லிவிட்டது. "பிரசவ வார்டு நர்ஸ்."

"டிஸ்க் போனப்ப?"

"டிரைவர் மென்சா."

"எண்ணிக்கிட்டே வா."

விரல்களை மடக்கினாள். பதினோரு வருடத்தில் ஏழு முறை கட்டியிருக்கிறார்கள். ஏழாவது விரலை மடக்கும்போது அஜோவாவின் முகம் வந்து நின்றது.

"அந்தத் தடவை பேரு இல்லாம வந்துச்சு சுமி. தட்டு இருக்கு, மணி இருக்கு, பேரு இல்ல. நான் எதையும் எழுதல. யார் பேரை எழுதுவேன்? பேசாம சேர்லயே உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போனா அவ அடுப்பு பக்கத்துல கிடக்கா. பேரு குடுக்கலேன்னா மெஷின் முன்னாடி இருக்கறவன் வீட்டுலயே கை வைக்கும்னு அப்பத்தான் புரிஞ்சுது. அதனால, பேரு இல்லாம வந்தா தானா ஒண்ணு விழட்டும்னு விதி போட்டேன். உசிரோட இருக்கற யார் பேரையும் போட மனசு வரல. உன்னோடது யாரும் கூப்பிடாத பேரு. அந்தப் பேருல ஆளே கிடையாது. தேடி வந்துட்டு வெறுங்கையோட போகட்டும்னுதான்."

சாவை ஏமாற்றிப் பிள்ளை வளர்க்கிற ஊரில் பிறந்தவளுக்கு அது ஒரு நிமிடம் நியாயமாகவே பட்டது. அவன் இடத்தில் இருந்தால் அவளுக்கும் இந்த யோசனை வந்திருக்கலாம். நம்பிவிடத்தான் ஆசைப்பட்டாள்.

"அப்ப நாலாம் தட்டை எதுக்குத் தொடச்சு வைக்கச் சொன்னீங்க?"

போனில் ஒரு சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கிற சத்தம். பிறகு இன்னொன்று. போன் இருந்த காதில் கேட்டது. போன் இல்லாத காதிலும் கேட்டது, ஜன்னல் பக்கமிருந்து. இரண்டும் ஒரே நேரத்தில்.

"அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?"

"அக்ராவுலதான்" என்றான். வைத்துவிட்டான்.

பயம் அப்போதும் முழுசாக வரவில்லை. நெஞ்சில் எரிந்தது வேறு. இவனுக்காகச் சோறு ஆக்கினாள், இவன் அழுகையைத் துடைத்தாள், இவன் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட்டாள். இவன் அந்தச் சாயங்காலம் துக்கத்தில் கேட்கவில்லை. வேலைக்காகக் கேட்டிருக்கிறான். விதியில் நிரப்ப ஒரு பெயர் தேவைப்பட்டது, வாங்கிக்கொண்டான். சர்வர் மாற்றும் நாள் நெருங்குகிறது என்று தெரிந்ததும் மாற்றல் வாங்கிக்கொண்டு நாற்காலியைக் காலி செய்து, அதில் அவளை உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறான். தங்கச்சி என்று அழைத்துக்கொண்டே.

ஜன்னல் பக்கம் போகவில்லை. போகப் பிடிக்கவில்லை. கணினியின் முன் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஸ்கிரிப்டிலிருந்து அந்த அட்டவணைக்கான வரிகளை எல்லாம் வெட்டி எறிந்தாள். புதிய சர்வரில் மறுபடி ஓடவிட்டாள். எல்லாவற்றையும் இடித்தது. எல்லாவற்றையும் கட்டியது. எண்ணினாள். அறுபத்து நான்கு.

தலையை மேசை மேல் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். வெளியே வெளிச்சம் மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. நிச்சயம் செய்துகொள்வோம் என்று, கட்டி முடித்த புதிய தரவுத்தளத்திலிருந்தே அமைப்பை மறுபடி ஸ்கிரிப்டாக எடுத்தாள்.

அறுபத்தைந்து.

பிணவறை அட்டவணைக்கு அடுத்து, அதே இடத்தில். அடுத்த எண் ஒன்பது.

ஒன்பது என்றால் எட்டு வந்துவிட்டது. திறந்தாள். ஒரே ஒரு வரிசை. எண் எட்டு. கிழமை செவ்வாய். அவள் பிறந்த கிழமை. தட்டு நான்கு. மணி ஐந்து நாற்பது. பெயர்க் கட்டத்தில் அந்தப் பெயர்.

சுவரில் மணி ஐந்து பதினாறு.

வரிசையை அழித்தாள். திரும்பப் பார்த்தாள். இருந்தது. பெயரை மட்டும் அழித்தாள். அழித்த இடத்தில் அதுவே விழுந்தது. யாருமில்லை என்று அடித்தாள். ஏற்றுக்கொண்டது. திறந்து பார்த்தால் பழைய பெயர். வியர்வையில் தூசி குழைந்து விசைகள் வழுக்கின. அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவில்லை. எக்கோ கார்ட்டே என்று அடித்தாள்.

ஏற்றுக்கொள்ளவில்லை. விதி மீறல் என்று சிவப்பில் வந்தது.

என்ன விதி? இந்த மாதிரித் தடை விதிகளை ஸ்கிரிப்ட் எப்போதும் கடைசியில்தான் எழுதும். அவள் அவ்வளவு தூரம் போய்ப் பார்த்திருக்கவில்லை. கோப்பின் அடிக்குப் போனாள். 'வரவேண்டியவர்கள்' அட்டவணையின் பெயர்க் கட்டத்தில் கீழ்க்கண்டவை வரக் கூடாது. எக்கோ கார்ட்டே. அவன் தாய். அவன் மூன்று பிள்ளைகள். அதற்குக் கீழே மாற்றிய தேதி. அஜோவாவைப் புதைத்த மறுநாள்.

இத்தனையும் அவன் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான். வெறுங்கையோடு போகும் என்று நம்புகிறவன் எதற்காக ஐந்து பேருக்கு வேலி போட வேண்டும்? பிள்ளைகளின் பெயர்களைப் பிழையில்லாமல், முழுசாக எழுதியிருந்தான். வேலிக்குள் இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது. பதினோரு வருடம். தங்கச்சி. அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதாள்.

மணி ஐந்து இருபத்தொன்பது.

வீட்டுக்கு ஓடிவிடலாம். படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி, சாலைக்குப் போய், டிரோட்ரோ வண்டி பிடித்து. எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். முற்றம் என்று நினைத்ததும் கால் நின்றது. நாற்காலிச் சத்தம் எப்போதோ ஓய்ந்திருந்தது. இப்போது இருமல் கேட்டது. நிறையப் பேர் பேசாமல் இருக்கும் இடத்தில் நடுவே ஒருவர் இருமுவார்களே, அது.

ஜன்னலுக்குப் போனாள்.

கீழே பந்தல் போட்டிருந்தார்கள். அதனடியில் வரிசை வரிசையாக நாற்காலிகள். நாற்பது பேர் இருக்கும். கறுப்புத் துணி, சிவப்புத் துணி. தூசி வெளிச்சத்தில் சிவப்பு பழுப்பாகத் தெரிந்தது. பாட்டு இல்லை. அழுகை இல்லை. ஊர் வழக்கப்படி ஆள் உயரத்துக்கு ஒரு படம் அச்சடித்துத் தூணில் கட்டியிருந்தார்கள். படத்தில் சுமினா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்துக் கீறல் இல்லை. துடைத்து எடுத்திருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில் அந்தப் பெயர்.

முதல் வரிசையில் அவள் அம்மா. அபாம் ஊரில் வீட்டில் இருக்க வேண்டிய அம்மா. தலையில் சிவப்புத் துணி. பக்கத்து நாற்காலியில், கறுப்புத் துணியை இடது தோளில் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி எக்கோ.

"அம்மா!"

கத்தினாள். ஒருவரும் நிமிரவில்லை. கண்ணாடியைக் கையால் அறைந்தாள். ஒருவரும் நிமிரவில்லை. போன். போனை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். கீழே மணி அடித்தது. அம்மா மடியிலிருந்து போனை எடுத்தாள். திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் மகளின் முகம் தெரியும். போன மாதம்தான் சுமினா படத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு எக்கோவிடம் நீட்டினாள்.

"ஹலோ. யாருங்க பேசறது?" துக்க வீட்டில் போன் எடுக்கிறவனின் குரல். தாழ்ந்த, மரியாதையான குரல்.

"அண்ணே, நான்தான். சுமினா. மேல இருக்கேன். மேல பாருங்க அண்ணே."

"அப்படி இங்க யாரும் இல்லீங்களே."

"அம்மாகிட்ட குடுங்க. ஒரு நிமிஷம் அம்மாகிட்ட குடுங்க."

அம்மாவின் குரல் பக்கத்தில் கேட்டது. எத்தனையோ வருடங்களாகக் கேட்டு வளர்ந்த குரல். "யாருப்பா அது?"

"ராங் நம்பர் அம்மா" என்றான் எக்கோ. போன் செத்தது.

ஐந்து முப்பத்தெட்டு. யாரோ மணி பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். துணிகளைச் சரி செய்துகொண்டார்கள். அம்மா கைத்தாங்கலாக எழுந்தாள். பிறகு அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள், பிணத்தை வெளியே கொண்டுவரும்போது எழுந்து நிற்பது போல. பிணவறைக் கதவு அவர்களுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றது எதிர்ப்பக்கம், பதிவேட்டு அலுவலகத்திலிருந்து இறங்கி வருகிற படிக்கட்டை.